ஒரு நிமிடத்தில் கடக்கிற ரோடு

மாங்குளத்துக்குப் பிரியும் விலக்கில், நான்குவழிச் சாலையோரம் உட்கார்ந்து வண்டிகளை எண்ணி, ஆட்கள் கடக்க ஆகும் நேரத்தையும் குறிப்பது செங்கமலத்தின் தினக்கூலி வேலை. ஊர் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மறுபக்கம். அந்த வருஷம் மூன்று பேர் அங்கே அடிபட்டிருந்தார்கள். அவள் கணக்கை வைத்துத்தான் சுரங்கப்பாதை வேண்டுமா என்று நெடுஞ்சாலை அதிகாரி முடிவு செய்வார். பாதை வந்தால், சேர்மன் குழந்தைவேலு கடைகள் கட்ட வைத்திருந்த நிலம் போய்விடும்.

சேர்மன் காரில் வந்து இறங்கினார். “ஏம்மா, இந்த ரோட்டைக் கடக்க ஒரு நிமிஷம் போதும்னு எழுது. இல்லேன்னா நாளைக்கு உனக்கு வேலை இருக்காது.”

செங்கமலம் எழுந்து கும்பிட்டாள். “தாராளமா எழுதறேங்கய்யா. ஆனா கண்ணால பார்த்ததைத்தான் எழுதணும். அதிகாரி எதிர்ப்பக்கம்தான் நிக்கிறாரு. நீங்களே நடந்து காட்டுங்க.”

சேர்மன் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். லாரி ஒன்று அலறிக்கொண்டு போனது, பின்வாங்கினார். அடுத்து பஸ், அதன் பின்னால் டேங்கர். வெள்ளைச் சட்டை செம்மண்ணாயிற்று. எதிர்ப்பக்கம் ஊரே கூடிவிட்டது.

செங்கமலம் தாளில் எழுதி, அங்கிருந்தே சத்தமாகப் படித்தாள். “பாதசாரி ஒருவர். காத்திருந்தது இருபத்திரண்டு நிமிஷம். இன்னும் கடக்கவில்லை.”

அதிகாரி சிரிப்பை அடக்கியபடி, “பாதசாரி பெயர்?” என்று கத்தினார்.

“பேரெல்லாம் வேண்டாம்மா!” என்று பதறினார் சேர்மன். “பாதைக்கு நிலம் தர்றேன். கையெழுத்து வாங்க அவரை இந்தப் பக்கம் வரச்சொல்லு!”

“அவரும் கடக்கணுமேய்யா” என்றாள் செங்கமலம்.