முன்வரிசையில் ஆள் இருக்கிறது

"கொசுவலைக் காட்சியை சென்சார்ல வெட்டச் சொல்றாங்க, சிஃபு. வெட்டினாத்தான் சான்றிதழாம். இல்லைன்னா படம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்."

சொன்ன பிறகுதான் பூன் ஹோக் செருப்பைக் கழற்றினார். வழக்கமாகக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார்.

பினாங்குத் தீவில் படகு எஞ்சின் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வயது அறுபத்தொன்று. சிஃபு என்றால் குரு. அப்படி அவர் கூப்பிட்ட சுவாட் கிம்முக்கு நாற்பது. சீன மொழியில் நான்கு படம் எடுத்தவள். நான்கும் வெளிநாட்டு விழாக்களில் ஓடின. உள்ளூர்த் தியேட்டரில் ஒன்றுகூட ஓடவில்லை.

அவளிடம் மூன்று வருடம் கற்றுக்கொண்டு, பூன் ஹோக் தன் முதல் படத்தை முடித்திருந்தார்.

ஒரு படகு மெக்கானிக். ஒரு முடிதிருத்துபவர். இரண்டு ஆண்கள், ஒரே வாடகை அறை, இருபத்தாறு வருடம். படம் அவ்வளவுதான்.

"போடுங்க, அங்கிள். பாக்கலாம்."

போட்டார்.

பாதி திறந்த கதவு. உள்ளே, தூரத்தில், கட்டில். வெள்ளைக் கொசுவலை. ஒருவர் படுத்திருக்கிறார்; இன்னொருவர் வலையை விலக்கி உள்ளே போகிறார். வலை ஆடி அடங்குகிறது.

சுவாட் கிம் சிரித்துவிட்டாள். "இதையா வெட்டச் சொன்னாங்க? இதுல முகம்கூடத் தெரியலையே?"

"கட்டில் ஒண்ணு, ஆள் ரெண்டுன்னு எண்ணிட்டாங்க."

"கேமராவை ஏன் வாசல்ல வெச்சீங்க?"

"நம்ம படங்கள்ல அப்படித்தானே வைப்பாங்க? கதவு இடுக்கு, திரைச்சீலை, கண்ணாடி. நீங்களும் வாசல்லதான் வெச்சீங்க."

"உள்ள இருக்கறவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நான் வாசல்ல நின்னேன். நீங்க எதுக்கு நின்னீங்க?"

அவர் படத்தை நிறுத்தினார்.

"யாராவது வர்றாங்களான்னு பாத்துக்கிட்டு நின்னீங்க."

பூன் ஹோக்குக்குக் காது சிவந்தது. இருபத்தாறு வருடம் மாடிப்படிச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே படுத்தவர் அவர். பக்கத்தில் படுத்திருந்த ஆ செங் இறந்து நான்கு வருடம் ஆகிறது. 'அறையில் கூட இருந்தவர்' என்று எல்லாரிடமும் சொல்லித்தான் அடக்கம் செய்தார். இதில் ஒரு வார்த்தைகூட அவளிடம் அவர் சொன்னதில்லை.

"வேற டேக் எடுத்தீங்களா?"

"ஒண்ணு இருக்கு. வலைக்கு உள்ள வெச்சு எடுத்தது."

"எனக்குக் காட்டலையே."

"முகம் தெரியும், சிஃபு."

"தூரத்துல நின்னு எடுத்ததையும் வெட்டுறாங்க. அப்புறம் எதுக்குத் தூரத்துல நிக்கறீங்க?"

அவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

"சனிக்கிழமை கோயில் மைதானத்துல உங்க படம்," என்றாள் அவள். "எந்த டேக்னு நீங்க முடிவு பண்ணுங்க. பேரையும்தான்."

படத்தின் தொடக்கத்தில், இயக்கியவர் பெயர் வர வேண்டிய இடத்தை அவர் வெறுமையாக விட்டிருந்தார்.

அது சீனர்களின் ஏழாம் மாதம். இறந்தவர்கள் பசியோடு ஊருக்குள் வந்து போகிற மாதம். அவர்கள் பார்ப்பதற்காகக் கோயில் வாசலில் ஆட்டமும் பாட்டும் நடக்கும், சில இடங்களில் படமும் ஓடும். முன்வரிசை அவர்களுக்கு. உயிரோடு இருக்கிறவர்கள் அதில் உட்காரக் கூடாது.

சனிக்கிழமை அந்தியில் ஒன்பது சிவப்பு நாற்காலிகள் முன்னால் காலியாகக் கிடந்தன. பின்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. பூன் ஹோக் எல்லாருக்கும் பின்னே, ரோட்டோரம் நின்றார்.

பெயரில்லாமல்தான் படம் தொடங்கியது.

கொசுவலைக் காட்சி வந்தது. கேமரா வலைக்கு உள்ளே இருந்தது.

ஒருவர் மற்றவரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, தலையணைக்கு அடியில் வைக்கிறார். கண்ணாடி பதிந்த தழும்பில், மூக்கின் இரண்டு பக்கமும், முத்தமிடுகிறார். அவசரமே இல்லை. பிறகு சட்டைப் பொத்தான்கள், ஒவ்வொன்றாக.



"விளக்கை அணைச்சுட்டுப் படுங்கப்பா!" என்று ஒரு கிழவி கத்தினாள். கூட்டம் சிரித்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"நிறுத்துங்க!" டார்ச் விளக்கோடு ஒரு சென்சார் அதிகாரி வந்தான். "சான்றிதழ் எங்க?"

"உயிரோட இருக்கறவங்களுக்குக் காட்டினாத்தானே சான்றிதழ்?" சுவாட் கிம் முன்வரிசையைக் காட்டினாள். "இது அவங்களுக்கு. போய்க் கேளுங்க."

அதிகாரியும் அந்த ஊர்க்காரன்தான். காலி நாற்காலிகளைப் பார்த்தான். கால் நகரவில்லை.

"நீங்கல்லாம் பின்னால உக்காந்து பாக்கறீங்களே?"

"அவங்களுக்குத் துணைக்கு."

மறுபடியும் சிரிப்பு. அதிகாரியின் முகம் கடுத்தது. "கிண்டலா? யார் எடுத்த படம் இது? பேரே போடாத திருட்டுப் படம்! மிஷினைத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

சுவாட் கிம் வாயைத் திறக்கவில்லை. ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கூட்டத்தின் நடுவே ஒருவர் நடந்து வந்தார். முன்வரிசைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினார். நான்காவது நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா! அங்க ஆள் இருக்கு!" கிழவி பதறினாள்.

"தெரியும். பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

டார்ச் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. கையை உயர்த்தி மறைத்துக்கொள்ளவில்லை.

"கோ பூன் ஹோக். எழுதிக்கோங்க. நான் எடுத்தது, என் கதை."

ஐந்தாவது நாற்காலியின் முதுகில் கையைப் போட்டுக்கொண்டார்.

"படத்தை ஓட விடுங்க. இவன் இன்னும் பாக்கலை."