இரண்டாம் பாகத்தின் முதல் இருபது பக்கங்கள்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் இத்தனை நாளும் சொல்லாமல் இருந்தேன். தாணப்ப ஐயாவைப் பற்றிய கதைகளை எங்கள் மடத்தில் படித்தவர்கள்தான் சொல்வார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். மடத்தில் சமைக்கிறேன். ஐயா சொன்னதில் ஒரு சொல் முன்பின் ஆனாலும் அர்த்தம் மாறிவிடும் என்பார்கள். மாறினால் குற்றம் என்னுடையது, அவருடையது அல்ல.

மடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மலையடிவாரத்தில் ஓர் ஓட்டுக் கட்டடம், பதினொரு பேர். ஐயாவுக்கு வயது நாற்பத்து நான்கு. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். சங்கரபாண்டியன் அண்ணாச்சிக்கு அறுபத்து மூன்று. ஐயாவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

கூடத்தில் ஒரு பீரோ நிறையப் புத்தகம். வீடு காலி செய்கிறவர்கள் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தவை. அதனால் இன்ன வகை என்று கிடையாது. துப்பறியும் கதைக்குப் பக்கத்தில் மாட்டு வைத்தியம் இருக்கும்.

ஐயா வைத்த விதி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வாசித்து முடித்த புத்தகத்தைப் பற்றி மனதில் பட்டதை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த புத்தகம்.

இந்த விதியால் சனிக்கிழமையே சமையலில் உப்பு முன்பின் ஆகிவிடும். வாசிப்பது பிடிக்கும். நாற்பத்தாறு வயதில் ஆரம்பித்து மூன்று வருடமாக விடாமல் வாசிக்கிறேன். எழுந்து நின்று சொல்வதுதான் ஆகாது.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். அண்ணாச்சி ஏற்கெனவே பேசிய புத்தகத்தைத்தான் எடுப்பேன். அவர் முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். எதையும் தீர்ப்பு மாதிரி சொல்வார். அவர் சொன்னதில் நான்கு வார்த்தையை மாற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். அடுத்த புத்தகம் கைக்கு வந்துவிடும்.

சமையல் புத்தகத்துக்குக்கூட அப்படித்தான் செய்தேன். பிழையே இல்லாத நல்ல புத்தகம் என்றார் அண்ணாச்சி. நானும் நல்ல புத்தகம் என்றேன். அதில் போட்டிருக்கிறபடி ரசம் வைத்தால் மாடுகூடக் குடிக்காது.

ஐப்பசியில் ஒரு நாவல் எடுத்தேன். இரண்டு பாகம். துறைமுகத்து ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஒருத்தியின் கதை. ஐந்நூறு பக்கம் போய், முதல் பாகம் முடிகிற இடத்தில் அவளுக்கு மகனிடமிருந்து கடிதம் வருகிறது. ஒன்பது வருடம் பேச்சு வார்த்தை இல்லாத மகன். அவள் அதைப் பிரிக்காமல் அரிசிப் பானையின் மேல் வைக்கிறாள். அதோடு பாகம் முடிந்துவிட்டது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் பாகம் பீரோவில் இருக்கிறது. கண்ணாடி வழியாக அதன் முதுகு தெரியும். கூடத்தைப் பெருக்கும்போதெல்லாம் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்தது. இந்தப் புத்தகத்துக்கு அண்ணாச்சி சித்திரையிலேயே தீர்ப்புக் கொடுத்திருந்தார். ஒரு கடிதத்தைப் பிரிக்கத் தெரியாத பொம்பளைக்கு ஐந்நூறு பக்கமா, சுத்தக் குப்பை என்று. நான் எழுந்து, கடிதத்தைப் பிரிக்கக்கூடத் தெரியவில்லை, பக்கம் மட்டும் ஏகப்பட்டது, குப்பைதான் என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

“சரி, அடுத்து எது வேணும்?” என்றார் ஐயா.

“இதோட இரண்டாம் பாகம் ஐயா.”

“குப்பைன்னீங்களே?”

“ஆமா ஐயா.”

“குப்பைக்கு எதுக்கு இரண்டாம் பாகம்?”

கூடமே சிரித்தது. அண்ணாச்சிதான் அதிகம் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை. இந்த முதல் பாகத்தை இதுவரை எத்தனை பேர் வாசித்தீர்கள் என்று கேட்டார். அண்ணாச்சியையும் என்னையும் சேர்த்து ஆறு கை. இரண்டாம் பாகத்தை வாசித்தவர் யார் என்றார். ஒரு கையும் இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெட்கத்தில் வந்த கோபம். ஐயாவிடம் அதுவரை அப்படிப் பேசியதில்லை.

“படிக்காதவ நான். எது நல்ல புத்தகம், எது குப்பைன்னு எனக்கு எப்படி ஐயா தெரியும்?”

ஐயா எழுந்து போய் பீரோவைத் திறந்தார். இரண்டாம் பாகத்தை எடுத்துத் தூசியை ஊதிவிட்டு என் கையில் கொடுத்தார்.

“மழையில விறகு நனைஞ்சு கிடக்கு, தீ பிடிக்கல, பத்த வைக்கக் காகிதமும் இல்லன்னு சொன்னீங்களே. நாளையிலிருந்து இதை வைங்க. ஒரு நாளைக்கு இருபது பக்கம் போதும்.”

சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அண்ணாச்சி மட்டும், ஐயா விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று முணுமுணுத்தார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. குரு சொன்னதை மீறினால் பாவம். புத்தகத்தை எரித்தாலும் பாவம். இரண்டில் எது பெரிது என்று யாரிடம் போய்க் கேட்பது? மாட்டி வைத்துவிட்டாரே இந்த மனிதர் என்று பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

திங்கட்கிழமை காலை அடுப்பு முன்னால் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். கதை இல்லை. முதலில் வாழ்த்துரை. பிறகு அணிந்துரை, ஒன்றல்ல மூன்று. ஒருவர் இது கடல் என்கிறார். இன்னொருவர் இமயம் என்கிறார். மூன்றாமவர், எழுதியவரின் தாத்தாவும் தன் தாத்தாவும் ஒரே தெரு என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அதற்கப்புறம் பதிப்பாளர் நன்றி சொல்கிறார். மொத்தம் சரியாக இருபது பக்கம். கிழித்து வைத்தேன். ஈர விறகு குபுகுபுவென்று பிடித்துக்கொண்டது. மனது கொஞ்சம்கூடப் பதறவில்லை.

செவ்வாய்க்கிழமை அடுத்த தாளில் கை வைத்தேன். கடிதம் மூன்று நாளாக அரிசிப் பானையின் மேல் இருந்தது என்று ஆரம்பித்திருந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் கிடந்த காய்ந்த தென்னம்பாளையை எடுத்து எப்படியோ பற்ற வைத்து, கஞ்சிக்கு அரிசியைப் போட்டுவிட்டு, ஒரு பக்கம் மட்டும் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். நிமிர்ந்தபோது நாற்பது பக்கம் போயிருந்தது. கஞ்சி அடிப்பிடித்து மடம் முழுக்க வாடை.

வாசலில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். என் மடியைப் பார்த்தார்.

“எரிக்கலையா?” என்றார்.

அவர் பின்னால் திரும்பி யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பிரிச்சாளா?”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. சித்திரையிலிருந்து இந்த மனிதரும் இதே நினைப்போடு அலைந்திருக்கிறார். குப்பை என்று சொன்ன வாயால் கேட்க முடியாமல் ஏழு மாதம் பீரோவைச் சுற்றியிருக்கிறார். அவரை நம்பி நாங்கள் ஐந்து பேரும் அதையே சொல்லியிருக்கிறோம்.

மூன்று வருடத்துக் கணக்கையும் அன்றைக்கே தீர்த்தேன். துப்பறியும் கதையில் கொன்றது டாக்டர் என்று கூடத்தில் வைத்து உடைத்துவிட்டீர்களே, அதற்குமேல் அதை யார் வாசிப்பார்கள் என்று கேட்டேன். மில் முதலாளியின் வாழ்க்கைக் கதையை ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும் என்றீர்களே, நானூறு பக்கத்தில் அவர் பெண்டாட்டி கல்யாணத்தன்று ஒருமுறை வருகிறாள், செத்த அன்று ஒருமுறை வருகிறாள், நடுவில் அவளுக்கு யார் சோறு போட்டார்கள் என்றேன். பேய்க் கதை அறிவுக்கு ஒவ்வாதது என்று நானும்தான் சொன்னேன், ஆனால் நான்கு நாள் கொல்லைக்குத் தனியாகப் போகவில்லை. கவிதைப் புத்தகத்தில் பாதிப் பக்கம் வெறும் தாள், காகிதத்துக்குக் கேடு என்றீர்கள். அந்த வெறும் இடத்தில்தான் நான் நின்று மூச்சு விட்டேன். இமயமலைக்குப் போனவர் மலையை விட்டுவிட்டு வயிற்றுக் கோளாறையே எழுதியிருக்கிறார் என்று திட்டினீர்கள். எனக்கு அது ஒன்றுதான் நம்புகிற மாதிரி இருந்தது.

அண்ணாச்சி வாயைத் திறந்தபடி நின்றார்.

“இதையெல்லாம் ஞாயித்துக்கிழமை ஏன் சொல்லல?”

“அதான் நீங்க முந்தியே சொல்லிடுறீங்களே அண்ணாச்சி.”

அடிப்பிடித்த வாடைக்கு ஐயாவே வந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் என் ஆத்திரம் எல்லாம் போய்விட்டது. புத்தகத்தை மறைக்கவும் நேரம் இல்லை. அண்ணாச்சி சட்டென்று, நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், குரு சொன்னதைச் செய்ய வேண்டாமா என்றார். அப்படியே அவர் மேல் கஞ்சியை ஊற்றலாம் போல இருந்தது.

ஐயா அவர் பக்கம் திரும்பவில்லை.

“ஏன் எரிக்கல?” என்று என்னைக் கேட்டார்.

“அவ ஏன் கடிதத்தைப் பிரிக்கலன்னு எனக்குத் தெரியும் ஐயா.”

“ஏன்?”

“பிரிச்சா பதில் எழுதணும்.”

ஐயா அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாம்பலைப் பார்த்தார்.

“இதை யார் சொன்னா? அண்ணாச்சியா?”

“இல்ல ஐயா.”

“அணிந்துரையில இருந்துச்சா?”

“அதை நேத்தே எரிச்சுட்டேன்.”

“அது எப்படி எரிஞ்சுது?”

“நல்லா எரிஞ்சுது ஐயா.”

“அப்போ கஞ்சியை ஊத்துங்க.”

அவ்வளவுதான் சொன்னார். தட்டை எடுத்துக்கொண்டு வந்து அங்கேயே உட்கார்ந்தார். அண்ணாச்சியும் உட்கார்ந்தார். இரண்டு வாய் குடிப்பதற்குள் என் பக்கம் சாய்ந்தார்.

“பிரிச்சாளா இல்லையா, அதை மட்டும் சொல்லிரு உலகம்மா.”

பிரித்தாள் என்றாலும் வம்பு, இல்லை என்றாலும் வம்பு; எதைச் சொன்னாலும் ஞாயிற்றுக்கிழமை அது அவர் தீர்ப்பாகிவிடும். நான் புத்தகத்தை முந்தானையில் சுற்றி இடுப்போடு இடுக்கிக்கொண்டு, அவருக்கு இன்னோர் அகப்பை கஞ்சி ஊற்றினேன்.