உள்ளே இருந்த ஒரே பெயர்

கல்லூரி சர்வரிலிருந்து வினாத்தாள் கசிந்துவிட்டது. வெளியிலிருந்து அந்த சர்வருக்குள் நுழைய இரண்டே பேருக்குத்தான் அனுமதி. ஒருவர் தேர்வு அதிகாரி தாண்டவமூர்த்தி. இன்னொருவர் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பீர்முகமது.

முதல்வர் அம்மாள் முன்னிலையில் தாண்டவமூர்த்தி மேசையைத் தட்டினார். "நான் இல்லைன்னா நீதான்யா. நீ இல்லைன்னு இப்பவே நிரூபி. முடியலைன்னா வேலையை விட்டுப் போ."

"சரிங்கய்யா. என் பேரை எடுத்துடறேன். இனி வெளியிலிருந்து உங்க ஒருத்தருக்குத்தான் வழி."

"அதை எப்பவோ செஞ்சிருக்கணும்" என்று டீயை எடுத்தார் தாண்டவமூர்த்தி.

பீர்முகமது அனுமதிப் பட்டியலைத் திருத்திவிட்டுத் திரையை முதல்வர் பக்கம் திருப்பினார். "பாருங்கம்மா. இந்த நிமிஷம் ஐயா வெளியூர்லேருந்து உள்ளே நுழைஞ்சு வேலை பார்க்கிறாரு. இங்கேயும் உட்கார்ந்து டீ குடிக்கிறாரு."

டம்ளர் பாதி வழியில் நின்றது. முதல்வர் துண்டித்துவிடச் சொல்லிக் கையை அசைத்தார். பீர்முகமது அந்தப் பெயரையும் வெளியேற்றினார்.

உடனே மேசைமேல் தாண்டவமூர்த்தியின் செல்போன் அடித்தது. 'டுடோரியல் மாப்பிள்ளை' என்றது திரை. முதல்வரே ஸ்பீக்கரை அழுத்தினார்.

"மாமா, அடுத்த தாள் பாதிதான் இறங்கியிருக்கு. அதுக்குள்ள ஏன் வெளியே தள்ளிடுச்சு?"