ஆமைக்குட்டி சொல்ல வந்தது

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது, பிள்ளைகளே. அதற்கு அதிகாரி ஒரு குரங்கு. யார் எதைச் சொன்னாலும் பாதியிலேயே எழுந்து ஓடுகிற குரங்கு.

குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வாலாட்டிக் குருவி ஒன்று அங்கே வந்து இறங்கியது.

"ஐயா, பின்லாந்துக் காட்டுல ஒரு பனிமான் பள்ளிக்கூடம் நடத்துது. பார்க்கப் பார்க்க அவ்வளவு அழகு!" என்றது.

"அப்படி என்ன அழகு?" என்றது குரங்கு.

"பிள்ளைங்க வட்டமா உட்காருவாங்க. இன்னிக்கு எதைக் கத்துக்கலாம், எப்படிக் கத்துக்கலாம்னு அந்தப் பிள்ளைங்களையே கேட்பாங்க. கேட்டுட்டு..."

"போதும், போதும்! புரிஞ்சுபோச்சு!" என்று குரங்கு மரத்துக்கு மரம் தாவிப் போய்விட்டது.

கேட்டுவிட்டு, பிள்ளை பதில் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பனிமான் வாயே திறக்காது. குருவி சொல்ல வந்த மீதி அதுதான். முக்கியமானதும் அதுதான்! கேட்கத்தான் அங்கே ஆள் இல்லை.

மறுநாளே காட்டுக்குப் புதிய பாடத்திட்டம் வந்துவிட்டது. பலகைகளைத் தூக்கி எறிந்தார்கள். தரையில் பெரிய வட்டம் போட்டார்கள். குரங்கு மைனா டீச்சரைக் கூப்பிட்டு, "இனிமே நீங்க பாடம் நடத்தக் கூடாது. பிள்ளைங்களைக் கேளுங்க. அவங்க சொல்றபடி செய்யுங்க. ம், சீக்கிரம்!" என்று உத்தரவு போட்டது.

மைனாவுக்குத்தான் ஒரு நொடி வாய் சும்மா இருக்காதே! வட்டத்தின் நடுவில் போய் நின்றது.

"கண்ணுங்களா, இன்னிக்கு எங்கே போய்ப் படிக்கலாம்? சொல்லுங்க, சொல்லுங்க, யாரு முதல்ல?"

"குளத்துக்கு!" என்று கத்தியது யானைக்குட்டி. "இந்த வருஷம் மழை இல்லாம தண்ணி வத்திப்போச்சு. நடுவுல போய் ஓடலாம்!"

ஆமைக்குட்டி முன்காலைத் தூக்கியது. அந்தக் குளம்தான் அதற்கு வீடு. ஆனால் அதற்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும்.

"டீச்சர்... அந்தக் குளத்துல..."

"உனக்கும் குளத்துக்குப் போக ஆசையா? சபாஷ்! பார்த்தீங்களா, ஆமைக்குட்டிகூடப் பேசுது! புது முறைன்னா இதுதான்!" என்று மைனா இறக்கையைத் தட்டியது.

"இல்ல டீச்சர்... நடுவுல..."

"நடுவுலதானே போகப்போறோம்! கிளம்புங்க, கிளம்புங்க!"

அடடா, ஒரு குட்டி ஒரு பேச்சைப் பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? எனக்கு வயிறு எரிகிறது, பிள்ளைகளே. நீங்களே சொல்லுங்கள்.

குளத்தின் நடுவில் மேலே காய்ந்த மண், அடியில் புதைசேறு. யானைக்குட்டி குடுகுடுவென்று ஓடியது. முன்னங்கால்கள் உள்ளே போயின. உதறியது. பின்னங்கால்களும் போய்விட்டன. "அம்மா!" என்று அலறியது.

காடே கூடிவிட்டது. "இழு!" என்றது ஒன்று. "தள்ளு!" என்றது இன்னொன்று. "யாரு இங்கே கூட்டிவந்தது?" என்று சண்டை வேறு. குரங்கோ மரக்கிளையில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, "நாங்க என்ன பண்றது? பிள்ளைங்கதான் ஆசைப்பட்டாங்க!" என்று கூவியது. அதற்குள் யானைக்குட்டி வயிறுவரை இறங்கிவிட்டது.

கரையில் ஆமைக்குட்டி வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. தாய் யானை அதைப் பார்த்துவிட்டது.

"எல்லாரும் வாயை மூடுங்க!" என்று பிளிறியது தாய் யானை. பிறகு ஆமைக்குட்டியின் முன்னால் குனிந்தது. "நீ சொல்லு கண்ணு. பயப்படாம சொல்லி முடி."

பெற்ற குட்டி கண்ணெதிரே சேற்றில் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் தாய் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"குட்டியை... உதறாம இருக்கச் சொல்லுங்க... தெற்குக் கரையிலேருந்து... சேத்துக்கு அடியில... பாறை ஒண்ணு போகுது... அது மேல நடந்தா... பக்கத்துல போயிடலாம்..."

தாய் யானை தெற்குக் கரைக்கு ஓடியது. காலால் தடவிப் பார்த்தது. ஆமாம், பாறை இருந்தது! அதன்மேல் அடிமேல் அடி வைத்துப் போய், குட்டியின் வயிற்றுக்கடியில் தும்பிக்கையைக் கொடுத்து, மெல்ல மெல்லத் தூக்கிக் கரை சேர்த்தது. குட்டி தாயின் காலைக் கட்டிக்கொண்டு விசும்பியது.

இப்போதுதான் குரங்கு கிளையிலிருந்து இறங்கியது. நேராக ஆமைக்குட்டியிடம் வந்து, "இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கியே, காலையிலேயே ஏன் சொல்லல?" என்று அதட்டியது.

ஆமைக்குட்டி வாயைத் திறந்தது. "நான்..."

"சரி, சரி, அப்புறம் பார்க்கலாம். பிள்ளைங்க பேச்சைக் கேட்கிறது எப்படின்னு எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு!" என்று குரங்கு தாவிப் போய்விட்டது.

நீதி: பிள்ளையிடம் கேள்வி கேட்டால் மட்டும் போதாது; அது பதில் சொல்லி முடிக்கும்வரை பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் வேண்டும்.