ஒரே ஒரு செண்டுமல்லி

அரண்மனைத் தோட்டத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு பூதான் பறிக்கலாம், கூடுதலாகப் பறித்தால் பூவுக்கு ஒரு நாள் ஏற்றம் இறைக்க வேண்டும் என்று ஜமீன்தார் சட்டம் போட்டிருந்தார். மார்கழிக் கோலத்தில் வைக்க இரண்டு பூசணிப்பூ பறித்துவிட்டாள் தோட்டக்காரி இருளாயி. கண்காணி வெங்கப்பர் அவளை ஜமீன்தார் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"தப்புதாங்க சாமி, ஒரு நாள் இறைச்சிடுறேன். கண்காணி ஐயா எத்தனை நாள் இறைப்பாரு?"

வெங்கப்பர் தலைப்பாகையில் செருகியிருந்த செண்டுமல்லியை எடுத்து நீட்டினார். "நான் பறிச்சது ஒண்ணே ஒண்ணு."

இருளாயி அதை வாங்கி, ஓர் இதழை உருவி ஜமீன்தார் உள்ளங்கையில் வைத்தாள். இதழின் அடியில் ஊசி போல ஒரு பிஞ்சு விதை ஒட்டியிருந்தது. இன்னொன்றை உருவினாள். அதிலும் ஒரு விதை.

"பூசணிப்பூ இதழைப் பிச்சா வெறும் இதழ்தான் வரும். விதை பிடிக்கிறது பூதானுங்களே? அப்ப இதுல நாம இதழ்னு சொல்றது ஒவ்வொண்ணும் தனிப் பூ."

"அப்போ இது பூ இல்லையா?" என்றார் ஜமீன்தார்.

"ஒரே காம்புல நூறு பூ குடியிருக்கு சாமி."

வெங்கப்பர் எண்ணத் தொடங்கினார். முப்பதில் குழம்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அவருக்கு ஒரு பூ போக தொண்ணூற்றொன்பது நாள் தண்டனை சொல்ல வாயெடுத்த ஜமீன்தார், இருளாயியின் பார்வை போன இடத்தைப் பார்த்தார். காலையில் அவரே ஆசையாகப் பறித்துக் கட்டச் சொன்ன செண்டுமல்லி மாலை அவர் இடுப்புவரை தொங்கியது.

மாலையை மெல்லக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "ஏன் வெங்கப்பா, இந்தச் சட்டத்தை நிஜமாவே நான்தான் போட்டேனா?"