கைக்குழந்தையோடு ஓடப் பழகிய தவசி

ஊர்ப் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வந்தாலும் வழி தெரியாமல் என் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் அடித்துவிட்டுப் போவார்கள். அவர் பாவம். அதனால் பெயர் வேண்டாம். போடிக்குப் போகிற ரோட்டில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

அங்கே தவசி என்று ஒருவன். தோப்புக் காவல் அவன் வேலை. காவல் என்றால் உட்கார்ந்திருப்பது. கல்யாணம் ஆனதிலிருந்து உட்கார்ந்தே இருந்ததில், எங்கே போனாலும் அவன் தொப்பைதான் முதலில் போய்ச் சேரும். மனைவி செங்கமலம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். பகலெல்லாம் கைக்குழந்தை சோணை தவசியின் பொறுப்பு.

ஒருநாள் குழந்தை கையிலிருந்த ரஸ்கை ஓர் ஆட்டுக்குட்டி பிடுங்கிக்கொண்டு ஓடியது. தவசி துரத்தினான். நாலு தென்னை தாண்டியதும் மூச்சு வாங்கி, அடுத்த தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். ஆட்டுக்குட்டி திரும்பி வந்து, அவன் எதிரிலேயே நின்று ரஸ்கைத் தின்று முடித்தது. மில் வேனிலிருந்து இறங்கிய செங்கமலம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

“ஏய்யா, ஒரு ஆட்டுக்குட்டியவே உன்னால பிடிக்க முடியல. நாளைக்கு இவன் ரோட்டுப் பக்கம் ஓடுனா எப்படிய்யா பிடிப்ப?”

“கூப்பிட்டா வருவான் புள்ள.”

“ஆமா, ஆடு வந்துச்சுல்ல, அது மாதிரி. இங்க பாரு. இவன் நடக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள நீ ஓடப் பழகியிருக்கணும். இல்லைன்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டு போடிக்கு எங்கப்பன் வீட்டுக்குப் போயிருவேன். நீ தென்னையக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கிட.”

தவசிக்குப் பிள்ளை என்றால் உயிர். தூங்கும்போதுகூடப் பிள்ளையின் அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். அன்று அவனுக்கு முதல் சோறு இறங்கவே இல்லை. மறுசோறுதான் இறங்கியது.

காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டாளிகள் மொக்கையனையும் பெரியாண்டியையும் அழைத்துக்கொண்டு, டீக்கடையில் இருந்த பி.டி. வாத்தியாரிடம் போனான். இந்த மூவரில் மொக்கையன் யோசனை சொல்கிறவன். பெரியாண்டி அதை மறுக்கிறவன். இரண்டு பேர் சொல்வதும் தவசிக்குச் சரியாகவே படும். வாத்தியார் ஓடி யாரும் பார்த்ததில்லை. விசில் ஊதித்தான் பார்த்திருக்கிறார்கள்.

“ஓடணுமா? தாராளமா ஓடலாம்,” என்றார் அவர், வடையைப் பிய்த்துக்கொண்டே. “அவசரப்படக் கூடாது. பேசிக்கிட்டே ஓடுற அளவுக்குத்தான் வேகம் இருக்கணும்.”

“பிள்ளைய என்ன சார் பண்றது?”

“பிள்ளையோடவே ஓடுய்யா. குலுங்காமப் பாத்துக்க.”

“எதுல சார் ஆரம்பிக்கிறது?”

வாத்தியார் குழந்தையைக் காட்டினார். “இந்தா, இவன்தான் உனக்கு வாத்தியாரு. பிள்ளைங்க எடுத்ததுமேவா ஓடுது? குப்புற விழுது, தவழுது, நிக்குது, அப்புறந்தானே ஓடுது. அது மாதிரி ஒவ்வொண்ணா வா.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். சொன்ன இடம்தான் தப்பு.

தோப்புக்கு வந்ததும், பிள்ளை குலுங்குகிறானா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்கிற கேள்வி வந்தது. மொக்கையன் யோசனை சொன்னான். அதன்படி சோணையின் கையில் ஒரு டம்ளர் நிறைய மோர் கொடுத்தார்கள். மோர் சிந்தினால் பிள்ளை குலுங்குகிறான் என்று அர்த்தம். சோணை அதை வாங்கிக் குடித்துவிட்டான். மூவரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள்.

“ஒரு சொட்டுகூடச் சிந்தல.”

“அப்ப குலுங்கல.”

“நாம இன்னும் ஓடவே ஆரம்பிக்கலையே?” என்றான் பெரியாண்டி.

“அதனாலதான் குலுங்கல. இதே மாதிரி ஓடுனாப் போதும்.”

அடுத்தது, பேசிக்கொண்டே ஓட வேண்டும். எதைப் பேசுவது? பெரியாண்டி தன் சின்னத்தா செத்துப்போன விவரத்தைச் சொல்ல ஆரம்பித்தான். இழவுச் சேதி கேட்கும்போது ஓடினால் மரியாதையாக இருக்காது என்று மற்ற இருவரும் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். சின்னத்தா சாவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

அப்புறம்தான் பாடம் ஒழுங்காக ஆரம்பித்தது. மூவரும் வரிசையாக மல்லாந்து படுத்துக் கையைக் காலை ஆட்டினார்கள். மொக்கையன்தான் முதலில் குப்புற விழுந்தான். பிள்ளை குப்புற விழுந்தால் அந்த வீட்டில் பணியாரம் சுட்டுக் கொடுப்பது அவர்கள் வழக்கம். அதனால் அவன் எழுந்து வீட்டுக்குப் போய்த் தன் பெண்சாதியிடம், “நான் குப்புற விழுந்துட்டேன்,” என்றான். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்தவள். பணியாரச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

பெரியாண்டிக்குத் தொப்பை ஒத்துழைக்கவில்லை. தவசி ஒரு தள்ளு தள்ளிக் கவிழ்த்துவிட்டான்.

“தள்ளிவிட்டா செல்லாதுண்ணே,” என்று பெரியாண்டி மறுபடி மல்லாந்துகொண்டான். “சோணைய யாராச்சும் தள்ளிவிட்டாங்களா? அவன் சொந்த முயற்சியில விழுந்தவன்.”

சொந்த முயற்சியில் விழுவதற்கு அவனுக்குச் சில நாள் ஆயிற்று. அதுவரை சோணை அவன் தொப்பைமேல் உட்கார்ந்து காற்று வாங்கினான்.

தவழுகிற பாடத்துக்கு முழங்காலில் தென்னம் பன்னாடையைக் கட்டிக்கொண்டார்கள். சோணைக்கு ஒரே சந்தோஷம். அதுவரை அவனுக்கு அவன் உயரத்தில் கூட்டாளிகள் கிடைத்ததில்லை. பிள்ளை தவழ்ந்து வாசற்படி தாண்டினால் தேங்காய் உடைக்க வேண்டும். தோப்பில் ஏது வாசற்படி? ஒரு தென்னந்தடியைக் குறுக்கே போட்டுத் தாண்டினார்கள். தாண்டத் தாண்டத் தேங்காய் உடைத்தார்கள். சாமிக்குப் படைத்த தேங்காய் என்பதால் தின்னாமல் இருக்கவும் கூடாது. அதனால் அடிக்கடி தாண்டினார்கள். தோப்பில் ஒரு வரிசை மொட்டையானது. காவல்காரன் முன்னிலையில் நடந்ததால் இதைத் திருட்டு என்று சொல்ல முடியாது.

இப்படி நால்வரும் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், சோணை தென்னந்தடியைப் பிடித்து எழுந்து நின்றான். தள்ளாடினான். விழப்போகிறான் என்று பார்த்தால், விழப்போன பக்கமாகவே ஓட ஆரம்பித்துவிட்டான். அந்தப் பக்கம் ரோடு.

“அண்ணே, பிள்ள ஓடுறான்!”

“எந்திரிச்சுப் போய்ப் பிடிங்கடா!”

“எப்படி எந்திரிக்கிறது? நிக்கிற பாடத்துக்கு நாம இன்னும் வரலையே!” என்றான் மொக்கையன்.

“அவன் மட்டும் நின்னானே?”

“அவன் வாத்தியாருண்ணே. வாத்தியார் எப்ப வேணும்னாலும் ஓடலாம்.”

எனவே மூவரும் தவழ்ந்தே துரத்தினார்கள். குறை சொல்லக் கூடாது, நல்ல வேகமாகவே தவழ்ந்தார்கள். தவசி அழுதுகொண்டே தவழ்ந்தான். சோணை ரோட்டோரத்தைத் தொட்ட நேரம் மில் வேன் வந்து கிறீச்சென்று நின்றது. செங்கமலம் குதித்து இறங்கிப் பிள்ளையை வாரி எடுத்தாள். நிமிர்ந்தால், எதிரே பன்னாடை கட்டிய மூன்று ஆண்கள், நாலு காலில்.

“என்னய்யா இது?”

“ஓடப் பழகுறோம் மதினி,” என்றான் பெரியாண்டி.

செங்கமலம் தவசியிடம் திரும்பினாள். “பிள்ள நடந்துட்டான். நீ ஓடப் பழகல. நான் சொன்னது சொன்னதுதான்.”

“அவன் எங்க புள்ள நடந்தான்?” என்றான் தவசி, முழங்காலில் இருந்தபடியே. “நின்னான், ஓடிட்டான். நடுவுல நடக்கவே இல்ல. நடக்க ஆரம்பிக்கிறதுக்குள்ளன்னுதானே சொன்ன? இன்னும் நாள் இருக்கு.”

“சத்தியமா நடக்கல மதினி. நாங்க சாட்சி.”

எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. செங்கமலம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போடி பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். தூரத்தில் பஸ்ஸும் வந்துகொண்டிருந்தது.

“அண்ணே, ஓடிப்போய் மறிங்கண்ணே! பஸ் ஏறிட்டாப் பிள்ள போச்சு!”

தவசி கையை ஊன்றி எழுந்து நின்றான். “நின்னுட்டாரு! நின்னுட்டாரு!” என்று மற்ற இருவரும் கை தட்டினார்கள். ஓடுவதற்கு ஒரு காலைத் தூக்கியவன் அப்படியே நின்றான்.

“எப்படிடா ஓடுறது? பிள்ளையோடவே ஓடுன்னுதானே வாத்தியாரு சொன்னாரு? பிள்ள அவகிட்ட இருக்கே!”

மூவரும் யோசித்தார்கள். எந்தப் பக்கத்திலிருந்து யோசித்தாலும் அது உண்மையாகவே இருந்தது. கடைசியில் தவசி வாயில் கை குவித்துக் கத்தினான்.

“செங்கமலம்! பிள்ளைய ஒரு நிமிசம் கொடுத்துட்டுப் போ! ஓடி வந்து உன்னைய மறிச்சுட்டுத் திருப்பித் தந்துர்றேன்!”

செங்கமலம் நின்றாள். திரும்பி வந்தாள். பிள்ளையை அவன் நெஞ்சில் திணித்தாள்.

“இந்தா. ஓடு. அந்தக் கண்றாவியையும் பாத்துட்டே போறேன்.”

தவசி ஓடினான். அட, நிஜமாகவே ஓடினான். பிள்ளையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, அவளைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்தையும் தாண்டி ஓடினான். போடி பஸ் ஓரங்கட்டி வழி விட்டது. “ஓடுறேன் பாரு! நான் ஓடுறேன் பாரு!” என்று விடாமல் பேசிக்கொண்டே ஓடினான். சோணை கெக்கெக்கே என்று சிரித்தான்.

செங்கமலத்துக்குத் தன்னை மீறி முகம் மலர்ந்துவிட்டது. “போதும்யா! ஓடிட்ட! நான் போகல, நில்லு!”

“நிக்கிறது போன பாடம் புள்ள!” என்று தூரத்திலிருந்து குரல் வந்தது. “தாண்டி வந்துட்டேன்!”

ரோடு வளைகிற இடத்தில் அவன் தலை மறையப் போயிற்று. செங்கமலம் சேலையைத் தூக்கிச் செருகினாள். “யோவ், பிள்ளைய்யா!” என்று அலறிக்கொண்டு அவளும் ஓட ஆரம்பித்தாள்.

ரோட்டோரத்தில் முழங்காலில் நின்றிருந்த மொக்கையன் பெரியாண்டியின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“டேய், மதினியும் ஓடுதுடா!”

எதையும் மறுத்துப் பேசுகிற பெரியாண்டி முதல்முறையாக ஒத்துக்கொண்டு சொன்னான்:

“அதுவும் கையில பிள்ள இல்லாமயே.”