பொரி தின்ற வண்டி

“தாயி, டீசல் பத்தல” என்றார் பலவேசம்.

மடத்தின் தலைவியான தாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“பத்தலைன்னா வண்டி வராதுன்னு சொல்லிருங்க, அண்ணாச்சி.”

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள் என்று பலவேசத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை எடுத்துப் பேசுகிறவர் அவரல்லவா?

கோவில்பட்டிக்குக் கிழக்கே இருந்த அந்த மடத்தில் பூசை குறைவு, பிணம் அதிகம். நாதியற்ற சனங்கள் வீட்டில் சாவு விழுந்தால் மடத்து வண்டி போகும். ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு, ஊரிலிருந்து சுடுகாட்டுக்கு. கூலி கிடையாது. பங்க்காரர் ஒருவர் புண்ணியத்துக்கு மாதம் ஒரு பேரல் டீசல் தருவார். அது காலியானால் வண்டி நின்றுவிடும். சாவு நிற்காது.

பலவேசம் தாயியைவிட மூத்தவர். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஞானம் தேடி வந்த இடத்திலும் ஸ்டியரிங்கைத்தான் பிடிக்கக் கொடுத்தார்கள் என்று தன்னையே கேலி செய்துகொள்வார்.

போன மாசக் கடைசியில் ஒருவன் கூப்பிட்டான். டீசல் இல்லை, வண்டி வராது என்றார். அவன் செத்த பிள்ளையைத் துண்டில் சுற்றி, தூங்குகிற பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊருக்குப் போனான் என்று பிறகு கேள்விப்பட்டார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இனி யாரிடமும் வராது என்று சொல்வதில்லை என முடிவு கட்டிவிட்டார்.

பழைய லாரிக் கூட்டாளி ஒருவன் வழி சொன்னான்.

“எஞ்சினுக்குக் காத்து தாராளமாப் போனா டீசல் கம்மியாக் குடிக்கும். தூசி வடிகட்டுத அந்த ஃபில்டர் டப்பாதான் குரல்வளைய நெரிக்கி. கழட்டி எறியும்.”

கழற்றி எறிந்தார். வாய் அகன்ற குழாய் ஒன்றை எஞ்சினிலிருந்து இழுத்து, வண்டியின் முகத்தில் வெளியே நீட்டிக் கட்டினார்.

தாயி வந்து பார்த்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“அங்க இருந்த டப்பா எங்க?”

“அது மூச்ச அடைக்கி, தாயி. இப்பப் பாருங்க, தாராளமா இழுக்கும்.”

தாயி குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தாள். கை ஒட்டிக்கொண்டது. வண்டி திணறியது. கையைப் பிய்த்து எடுத்தாள்.

“எல்லாத்தையும் இழுக்குமோ?”

“எல்லாத்தையும்.”

“சரி” என்று போய்விட்டாள்.

டீசல் மிச்சப்படத்தான் செய்தது. குழாயின் வேலையோ, குழாய் கட்டிய பூரிப்பில் ஆக்ஸிலேட்டரை அவர் பூப்போல மிதித்ததோ, யாருக்குத் தெரியும்? மாசக் கடைசியிலும் பேரலின் அடியில் டீசல் கிடந்தது. கேட்டவருக்கெல்லாம் வருகிறேன் என்றார்.

அன்று காலையும் அப்படித்தான். பருத்திக்காட்டுக் கூலிக்காரி ஒருத்தியைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகிற வேலை. போகிற வழியில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். சம்சாரம் செத்துப் போய்விட்டாளாம். “இத முடிச்சிட்டு நேரா வந்துருதேன்யா” என்றார்.

பின்னால், பிணத்தின் காலடியில், வழக்கம்போலத் தாயி உட்கார்ந்திருந்தாள்.

சவ வண்டிக்கு முன்னால் பொரியும் பூவும் இறைத்துக்கொண்டு நடப்பது அந்தப் பக்கத்து வழக்கம். செத்தவளின் மகன் அள்ளி அள்ளி இறைத்தான். ஆடிக் காற்று அதையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து வண்டியின் முகத்தில் போட்டது. குழாய் இழுத்துக்கொண்டது.

பலவேசம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆத்தாளைப் பறிகொடுத்தவனிடம் போய், பொரி போடாதே என்று எப்படிச் சொல்வது?

வண்டி இருமியது. குலுங்கியது. நின்றுவிட்டது.

குழாயைக் கழற்றினார். பூவும் பொரியும் கரிசல் தூசியுமாக உள்ளே அடைத்துக் கிடந்தது. தோண்டி எடுத்துவிட்டுச் சாவியைத் திருகிப் பார்த்தார். உள்ளே போனது போனதுதான். எஞ்சின் அசையவில்லை.

மகன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“இறக்குங்க” என்றாள் தாயி. “தோள் கொடுங்க.”

வெயிலில் தூக்கிக்கொண்டு போனார்கள். எரித்துவிட்டு வண்டிக்குத் திரும்பியபோது போன் அடித்தது.

“ஐயா, கெளம்பிட்டீங்களா? இங்க அவள வெளிய கொண்டாந்து போட்டாச்சு.”

பலவேசம் போனைத் தாயியிடம் நீட்டினார்.

“நீங்க சொல்லுங்க, தாயி. உங்களுக்குத்தான் அது லேசா வரும்.”

தாயி வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ஐயா?” என்றது போன்.

“வண்டி வராதுய்யா” என்றார் பலவேசம். “வேற ஏதாச்சும் பாருங்க.”



“சரிங்கய்யா” என்று வைத்துவிட்டான்.

பலவேசம் வண்டியில் சாய்ந்து நின்று அழுதார். அத்தனை வயசான ஆள், நட்ட நடு ரோட்டில், மூக்கு ஒழுக அழுதார்.

“இது பழகிருமா, தாயி?”

“பழகின ஆளுக்கு நான் வண்டிச் சாவி கொடுக்க மாட்டேன், அண்ணாச்சி.”